அம்மாவின் பட்டுப்புடவையிலிருந்து வரவேற்புக் கவுனை நானே தைக்க முடியுமா?

முதல்தையல்:

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதத்தில் எனக்குத் திருமணம். முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டில் எடுத்துவிட்டார்கள். முதல்நாள் மாலை நடக்கும் வரவேற்புக்கு மட்டும், கடையில் எடுக்காமல், நானே தைத்த ஆடையை உடுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தரையைத் தொடும் நீளத்தில், முழங்கை வரை கை வைத்த கவுன் ஒன்றை மனத்தில் வைத்திருக்கிறேன்.

துணியும் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவின் நிச்சயதார்த்தத்திற்கு 1996இல் காஞ்சிபுரத்தில் எடுத்த பட்டுப்புடவை அது. அரக்கு நிற உடல், இருபுறமும் 4 அங்குலத்தில் பச்சைக் கரை, உடல் முழுவதும் காசு போன்ற வட்டப் புட்டாக்கள், முந்தியில் அடர்ந்த சரிகை. அகலம் 48 அங்குலம்; ரவிக்கைத் துணியை அப்போதே வெட்டிவிட்டதால் நீளம் ஐந்தரை மீட்டர். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 780 கிராம் இருந்தது. உள்முனையின் ஓரத்தில், அன்று கட்டுவதற்கு முன் ஆச்சி தொட்டு வைத்த மஞ்சள் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. "பீரோவில் கிடந்து மடிப்பில் இற்றுப்போவதைவிட உன் உடம்பில் கிடக்கட்டும்" என்று அம்மாவே எடுத்துக் கொடுத்தார்கள். ஆச்சிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பட்டை வெட்டக் கூடாது என்கிறார்கள்.

நான் ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போனவள். நான்கு ஆண்டுகளாக எனக்கும் அம்மாவுக்கும் சுடிதாரும் லைனிங் வைத்த ரவிக்கையும் கால் மிஷினில் தைத்து வருகிறேன். ஆனால் பட்டில் இதுவரை கத்தரி வைத்ததில்லை. ஒரு தையற்கடையில் யோசனை கேட்டபோது, இவ்வளவு பழைய பட்டை வெட்டித் தைத்தால் ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது உண்மையா? பத்து வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும், புடவையை எப்படிப் பிரிக்க வேண்டும், இவ்வளவு கனமான பாவாடைப் பகுதியை மேற்பகுதி எப்படித் தாங்கும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஊசிமுனை:

வணக்கம் தங்கை. திருமணத்திற்கு என் வாழ்த்துகள். திருச்சியில் வீட்டிலேயே தையல் எடுத்துத் தைக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வெட்டலாம், தைக்கலாம், தாங்கும். ஆனால் முதல் மூன்று வாரத்திற்குக் கத்தரிக்கோல் அந்தப் புடவையின் பக்கத்தில் போகவே கூடாது. அந்த மூன்று வாரமும் காடாத்துணிக்கு, அதாவது ஒத்திகையாகத் தைத்துப் பார்க்கும் வெளுக்காத பருத்தித் துணிக்கு, உரியவை.

பட்டில் ஒருமுறை ஊசி இறங்கிய இடத்தில் துளை நின்றுவிடும் என்பதுதான் காரணம். பருத்தியில் தையலைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் இழை மறுபடி கூடிக்கொள்ளும். கெட்டியாக நெய்த பட்டில் அது நடக்காது. என் தங்கையின் வரவேற்புக்கு நான் தைத்த முதல் பட்டு ஆடையில் மார்பு டாட்டின் (உடம்பின் வளைவுக்காகப் பிடிக்கும் கூரிய மடிப்பு) முனை முக்கால் அங்குலம் கீழே இறங்கிவிட்டது. பிரித்து மேலே ஏற்றினேன். பழைய தையலின் துளைகள் வரிசையாக, புள்ளி வைத்த கோடு போல, வெளிச்சத்தில் தெரிந்துகொண்டே இருந்தன. கடைசியில் அதன்மேல் சரிகைக் கரை ஒன்றை வைத்து மறைத்தேன். பார்த்தவர்கள் அழகு என்றார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் அந்தக் கோடுதான் கண்ணில் படுகிறது. ஆகவே கழுத்தின் ஆழம், தோள், கைக்குழி, மார்பின் முனைப்புள்ளி எல்லாவற்றையும் காடாவில் தைத்து, உடுத்தி, கிள்ளி, பிரித்து, மறுபடி தைத்து முடித்த பிறகே பட்டுக்கு வர வேண்டும். இறுதியாகச் சரிவந்த காடாவைத் தையல் பிரித்துத் தேய்த்தால் அதுவே உங்கள் அளவுத்தாள்.

புடவையை எப்படிப் பிரிப்பது என்பதற்கு வருகிறேன். பட்டுப் பாவாடையில் கரை கீழே வருவதுபோலவே இங்கும் புடவையின் அகலம்தான் உங்கள் பாவாடைப் பகுதியின் நீளமாக நிற்க வேண்டும். நீங்கள் உயரம் எழுதவில்லை. 5 அடி 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், கொஞ்சம் குதி உயர்ந்த செருப்போடு இடுப்பிலிருந்து தரைவரை ஏறக்குறைய 42 அங்குலம் வரும். இடுப்புத் தையலுக்கு 1 அங்குலம் சேர்த்து 43. உங்கள் புடவையின் 48இல் மீதி 5 அங்குலம் மேலே நிற்கிறது. மேல்கரை 4 அங்குலம், அதையொட்டி உடல் 1 அங்குலம். அளந்து நெய்ததுபோல் அமைந்திருக்கிறது. அந்த மேல்கரையைப் பிரித்துக் கைகளின் விளிம்புக்கும் கழுத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நீளம் ஏறக்குறைய 216 அங்குலம். முந்தி 36 அங்குலம் என்றால் அதை அப்படியே முழுதாக ஒதுக்கிவிடுங்கள். தோளில் போட்டுக்கொள்ளும் துப்பட்டாவாக அது நிற்கட்டும். உள்முனையிலிருந்து 40 அங்குலம் மேற்பகுதிக்கும் கைகளுக்கும் போதும். நடுவில் 140 அங்குலம் பாவாடைக்குக் கிடைக்கும். இந்த 140ஐ அப்படியே 30 அங்குல இடுப்பில் கொசுவினால் மடிப்பின்மேல் மடிப்பு ஏறி, இடுப்பு உருளையாகத் தடித்துப்போகும். ஆகவே 14 அங்குலமாகப் பத்துத் துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் மேலே 7 அங்குலமாக ஒடுக்கிக் கலி (மேலே குறுகிக் கீழே விரியும் துண்டு) போட வேண்டும். இருபுறமும் அரை அங்குலம் தையலுக்குப் போக, மேல்சுற்று 60, கீழ்ச்சுற்று 130 அங்குலம் வரும். 60ஐ 30 ஆக்குவதற்கு மெல்லிய மடிப்பு ஒரு வரிசை போதும். கலியின் சாய்ந்த ஓரம் நடுவைவிட அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நீளும் என்பதால் கரை நேராகவே நிற்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே வாக்கில் இருக்கட்டும். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டால் பட்டின் மினுக்கம் அந்த ஒரு துண்டில் மட்டும் வேறாகத் தெரியும்.

பழைய பட்டைத் தனியாக நம்ப வேண்டாம். மெல்லிய பருத்தி லைனிங்கை ஓர் இரவு நனைத்து, காயவைத்து, தேய்த்து, பட்டுத் துண்டின் அதே வடிவில் வெட்டி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டு ஒரே துணியாக்கிவிடுங்கள். அதன் பிறகு மிஷின் தையல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். இழுவையைப் பருத்தி வாங்கிக்கொள்ளும், பட்டு மேலே முகமாக மட்டும் இருக்கும். கழுத்துக்குக் கேன்வாஸ் ஒட்டுவதாக இருந்தால் லைனிங்கின் மேல் ஒட்டுங்கள், பட்டின் மேல் வேண்டாம். ஊசி 11ஆம் எண். பருத்திக்குப் போடும் 16ஐ மறந்துகூட வைக்க வேண்டாம். குண்டூசியைத் தையலுக்குள் மறையும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள்.

கனத்திற்கு ஒரு வழி இருக்கிறது. கவுனின் உள்ளே, மேற்பகுதியும் பாவாடையும் சேரும் தையலில், 1 அங்குல அகலமுள்ள உறுதியான நாடா ஒன்றை இடுப்பைச் சுற்றி வைத்து, உள்தையலோடு ஆங்காங்கே பிடித்து, முதுகில் இரண்டு கொக்கிகளால் மூடிக்கொள்ளுங்கள். முதலில் அந்தக் கொக்கிகளைப் பூட்ட வேண்டும், பிறகுதான் ஜிப்பை ஏற்ற வேண்டும். பாவாடையின் கனம் முழுவதும் இடுப்பில் உட்கார்ந்துவிடும். தோளும் ஜிப்பும் அதைச் சுமக்கவே வேண்டியிருக்காது.

அந்த மஞ்சள் மூலையை வீணாக்க வேண்டாம். மேற்பகுதி அந்த முனையிலிருந்துதான் வருகிறது. ஜிப்பின் அடியில், முதுகில் உரசாமல் இருப்பதற்காக உட்புறம் வைக்கும் பட்டியை அந்த மூலையிலிருந்து வெட்டுங்கள். இதை ஆச்சியிடம் சொல்லிப் பாருங்கள்.

பாவும்ஊடையும்:

காஞ்சிபுரத்தில் தறி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். தையல் எனக்குத் தெரியாது. வெட்டுவதற்கு முன் பட்டைப் பார்க்கத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் புடவை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் சன்னலுக்கு எதிரே இரண்டு பேர் பிடித்து, முழம் முழமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டாக ஒரே மடிப்பில் இருந்திருந்தால் மடிப்புக் கோட்டில் இழை முறிந்திருக்கும். அங்கே வெளிச்சம் ஊசிப்புள்ளிகளாகக் கசியும். அந்த இடத்தின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல விரித்துப் பாருங்கள். பட்டு சத்தமின்றி எதிர்த்து நின்றால் நல்லது. லேசாக நெரியும் ஓசை வந்தால் அந்தக் கோட்டைத் தையலிலோ இறுக்கம் விழும் மேற்பகுதியிலோ வைக்கவே கூடாது. பாவாடை மடிப்பின் உட்பக்கத்தில் மறையட்டும். உள்முனையின் மேல்புறம் இடுப்பில் செருகப்பட்டு வியர்வை பட்ட இடம். ஊசிமுனை அக்கா மேற்பகுதியை அங்கிருந்து எடுக்கச் சொல்வதால், அந்த ஒரு முழத்தை மட்டும் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

அடுத்தது கரை. உங்கள் புடவையில் உடல் அரக்கு, கரை பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேரும் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். சிறு பல் போலத் தட்டுப்பட்டால் அது கோர்வை. கோர்வை என்பது தைத்தோ ஒட்டியோ சேர்த்தது அன்று. உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் தறிக்கருவி), இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என மூன்று நாடாக்களை ஓட்டி, ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் ஊடையும் (குறுக்கு நூல்) கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு நெய்வது. என் அப்பா ஒருபுறம் உட்கார்ந்திருக்க, மறுபுறக் கரையின் நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுப்பதற்காகச் சிறுவயதில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பிடி கைவிடாமல் இருப்பது ஊடை அறுபடாமல் இருக்கும்வரைதான். மேல்கரையைப் பிரிக்கும்போது கோர்வைக் கோட்டை ஒட்டி வெட்டினால் உடலின் ஊடை அங்கே துண்டாகிறது; கரை பற்றிக்கொண்டிருந்த வளையம் அவிழ்ந்து, நாளடைவில் கரை தனியே பிரிந்து வந்துவிடும். அக்கா சொன்ன அந்த 1 அங்குல உடல்துணி கரையோடு இருக்க வேண்டும் என்பது இதற்காகவே. முக்கால் அங்குலத்திற்குக் கீழே குறைக்க வேண்டாம்.

முந்தியும் வேறு நிறமாக இருந்தால் அங்கே பேட்னி இருக்கும். ஒரு நிறப் பாவு (நெடுக்கு நூல்) முடிந்து அடுத்த நிறப் பாவு தொடங்கும் இடம் அது. இரண்டு பாவும் கொஞ்ச தூரம் சேர்ந்தே ஓடுவதால் துணி அங்கே சற்றுத் தடிப்பாக இருக்கும். அந்தத் தடிப்பின்மேல் வெட்டக் கூடாது. அதைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி, உடல் பக்கமாக வெட்டி, முந்தியோடு அந்தத் தடிப்பும் முழுதாகப் போகட்டும்.

இன்னொன்றைத் தையற்காரர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. புடவையில் ஃபால்ஸ் தைத்திருக்கும் பக்கம் கீழ்க்கரை. குதிகாலிலும் தரையிலும் உரசி உரசி அந்தக் கரையின் விளிம்பு நைந்திருக்க வாய்ப்பு உண்டு. மேல்கரையோ இடுப்பிலும் உட்சுற்றிலும் அடங்கியே இருந்தது. உங்கள் புட்டா வட்டக் காசு. அதற்குத் தலைகீழ் கிடையாது. ஆகவே புடவையைத் தலைகீழாகத் திருப்பி, நல்ல நிலையில் இருக்கும் மேல்கரையைக் கவுனின் கீழ்விளிம்பாக வைத்துக்கொள்ளலாம். மாங்காய், மயில் போன்ற புட்டாவாக இருந்தால் இது முடியாது.

வெட்டிய ஓரத்தில் சரிகையின் முனை உடம்பைக் கீறும். பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதுதான் சரிகை. வெட்டினால் அந்தத் தகடு அவிழ்ந்து நிற்கும், உள்ளே சிவப்பு நூல் தெரியும். ஆகவே கைவிளிம்பிலும் கழுத்திலும் சரிகையின் வெட்டுமுனை எங்கும் வெறுமனே நிற்காமல் லைனிங்குக்குள் அடங்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் தேய்க்காதீர்கள். பட்டில் சொட்டு விழுந்த இடம் வட்டமாக நின்றுவிடும். பின்புறமாகத் திருப்பி, மேலே வெள்ளைப் பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் அழுத்தி எடுங்கள். தேய்ப்புப் பெட்டியை இழுக்க வேண்டாம்.

கொசுவம்:

மேலே எழுதிய இருவரின் அறிவுக்கும் தலைவணங்குகிறேன். ஆனால் பத்துத் துண்டாக வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டுப் பாவாடை தைத்து வளர்ந்த ஊர் நம்முடையது. பெண்குழந்தை வளர வளரப் பிரித்துவிடுவதற்காகப் பாவாடையின் நடுவே டக் பிடித்துத் தைத்த பழக்கம், பட்டை வெட்டுவதற்கு நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு யோசித்தார்கள் என்பதைக் காட்டுகிறது. ஆச்சி சொல்வதிலும் அதே நியாயம் இருக்கிறது.

30 அங்குல இடுப்புக்கு மும்மடங்கு, அதாவது 90 அங்குலத் துணி இருந்தால், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மடிப்புகளாக ஒரே நேர்த்துண்டைக் கொசுவித் தைத்துவிடலாம். 90 அங்குலச் சுற்று நடப்பதற்கும் மேடையில் நிற்பதற்கும் தாராளம். நெடுக்காகத் தையலே இருக்காது, புட்டா எங்கும் அறுபடாது. அந்த 140இல் மிச்சம் 50 அங்குலம் முந்தியோடு சேர்ந்தே இருக்கும். துப்பட்டா 86 அங்குலமாக நீண்டு, முந்தானை போலவே தோளிலிருந்து இறங்கும். நாளைக்கு உங்கள் மகள் அந்தப் பாவாடையைப் பிரித்துக் கேட்டால், முழுசாக இரண்டரை கெஜப் பட்டு அவள் கையில் இருக்கும். என் மகளின் பூப்பு நீராட்டு விழாவுக்கு நான் இப்படித்தான் தைத்தேன். ஐந்து ஆண்டுக்குப் பிறகு அதைப் பிரித்து வேறு அளவுக்குத் தைத்தபோது, இடுப்பில் ஒரு வரித் துளையைத் தவிர வேறு சேதம் இல்லை.

ஊசிமுனை:

கொசுவம் சொல்வது நல்ல யோசனை. நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கவுன் என்றதும் விரிந்து நிற்கும் கலியைத்தான் என் கை தேடுகிறது. ஆனால் இங்கே துணி பழையது, வெட்டும் இடம் குறையக் குறைய நல்லது. மேலும் காஞ்சிபுரப் பட்டுக்கே ஒரு விறைப்பு உண்டு என்பதால் 90 அங்குலமும் சரிந்து ஒட்டிக்கொள்ளாமல் தானாக விரிந்து நிற்கும். விரித்து நிறுத்துவதற்காக உள்ளே வைக்கும் கேன்கேன் வலைகூடத் தேவைப்படாது.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மேல்கரையை வெட்டாமல் இடுப்பில் உள்ளே மடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மும்மடி மடிப்பில் சரிகைக் கரையும் சேர்ந்தால் ஆறு அடுக்கு வரும். மிஷின் ஊசி முறியும், இடுப்பும் தடித்துத் தெரியும். சிறுமியின் பாவாடைக்குச் சரியாக வருவது மணப்பெண்ணின் இடுப்புக்கு வராது. மேல்கரையைப் பிரித்தே ஆக வேண்டும்.

முதல்தையல்:

மூன்று வாரம் ஆகிவிட்டது. உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. புடவையை அம்மாவும் நானும் சன்னலோரம் பிடித்து முழுவதும் பார்த்தோம். முந்தியில் இரண்டு மடிப்புக் கோடுகள் நைந்திருக்கின்றன. உடலில் ஒன்றும் இல்லை. ஃபால்ஸைப் பிரித்துப் பார்த்தபோது கீழ்க்கரையின் விளிம்பு ஒரு முழ நீளத்திற்குப் பிசிர் விட்டிருந்தது. ஆகவே திருப்பி வைக்கப் போகிறேன். மஞ்சள் மூலை பற்றி ஆச்சியிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, மறுநாள் காலையில், "உள்பக்கம் முதுகுத்தண்டில் படுமாறு வை" என்று மட்டும் சொன்னார்கள்.

காடாவில் மேற்பகுதியை பிரின்சஸ் கட் (டாட்டுக்குப் பதிலாக மார்பு வழியாக இடுப்புவரை இறங்கும் நெடுந்தையல்) வைத்து இருமுறை தைத்துவிட்டேன். இரண்டு குறைகள் தீரவில்லை. ஒன்று, முன்கழுத்து நெஞ்சோடு ஒட்டாமல் நடுவில் வாய் திறந்து நிற்கிறது. குனிந்தால் இன்னும் விலகுகிறது. இரண்டு, கனம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பழைய போர்வை ஒன்றைக் கொசுவி இடுப்பில் பிடித்து உடுத்திப் பார்த்தேன். நாடாவும் கொக்கியும் கனத்தை நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் முன்பக்கம் தரையிலிருந்து சற்றே உயர்ந்தும் பின்பக்கம் தரையில் படிந்தும் இருக்கிறது. பட்டில் கீழே கரை வருவதால் மடித்துத் தைக்கவும் முடியாதே, அங்கே என்ன செய்வது?

ஊசிமுனை:

போர்வையைக் கட்டிப் பார்த்தது மிகச் சரியான வேலை.

கழுத்து வாய் திறப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கழுத்தின் வளைவு இழைகளுக்குச் சாய்வாக ஓடுவதால், தைப்பதற்கு முன்பே கையில் எடுத்துப் புழங்கும்போது நீண்டுவிடும். வெட்டிய உடனே, வேறு எந்த வேலையும் தொடங்கும் முன், கழுத்தைச் சுற்றி ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு மிஷின் தையல் ஓட்டி நிறுத்திவிடுங்கள். அப்படியும் திறந்தால் அது அளவின் குறை. காடாவை உடுத்திக்கொண்டு, அம்மாவை விட்டுக் கழுத்தின் இருபுறமும் மிகுதியாக நிற்கும் துணியைக் கிள்ளிக் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலமோ மூன்றில் ஒரு பங்கோ வரும். பிரின்சஸ் தையல் தோளிலிருந்து இறங்குவதாக இருந்தால் அந்த மிகுதியை அந்தத் தையலுக்குள்ளேயே எடுத்துவிடலாம். கைக்குழியிலிருந்து தொடங்குவதாக இருந்தால், அளவுத்தாளில் கழுத்திலிருந்து முனைப்புள்ளிவரை மடித்து மூடி, அந்த அளவைப் பிரின்சஸ் தையலில் திறந்துவிட வேண்டும். தோளை மட்டும் தூக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். அப்படிச் செய்தால் கைக்குழி இறுகிவிடும். வரவேற்பில் மாலை வாங்கவும் பெரியவர்கள் காலில் விழுந்து எழவும் கையும் முதுகும் தாராளமாக அசைய வேண்டும். காடாவைப் போட்டுக்கொண்டு வீட்டில் ஆச்சியின் காலில் ஒருமுறை விழுந்து எழுந்து பாருங்கள்; எங்கே பிடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை, இந்த ஆடையில் கீழ்விளிம்பு நெய்த விளிம்பு. அதை மடிக்க முடியாது, மடிக்கவும் கூடாது. ஏற்றமும் இறக்கமும் எல்லாம் இடுப்பில்தான் நடக்க வேண்டும். பாவாடைப் பகுதிக்கு மேலே 1 அங்குலம் விட்டிருக்கிறோம்; திருமணம் முடியும்வரை அதைக் குறைக்காதீர்கள். மடிப்புகளை ஓட்டுத்தையலால் பிடித்து, உள்ளே வரும் இடுப்பு நாடாவை உங்கள் உடம்பில் தனியே கட்டிக்கொண்டு, பாவாடையை அதன்மேல் குண்டூசியால் மாட்டுங்கள். அன்றைக்குப் போடப்போகும் அதே செருப்போடு சமதரையில் நிற்க வேண்டும். ஒருவர் தரையில் உட்கார்ந்து, அடிமட்டத்தை நிறுத்தி, கரையின் விளிம்பு எல்லாப் பக்கமும் தரையிலிருந்து அரை அங்குலம் உயரத்தில் நிற்கும்வரை மேலே இடுப்பில் பாவாடையைத் தூக்கியும் இறக்கியும் குத்த வேண்டும். உங்களுக்கு வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறக்கவும் முதுகுப் பக்கம் கொஞ்சம் ஏற்றவும் வரும். அப்படிக் குத்தியபின் நாடாவின் கீழ்விளிம்பை ஒட்டி வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டுக் குறியுங்கள். அந்தக் கோடு நேர்கோடாக இருக்காது, முன்னும் பின்னும் வளைந்து ஓடும். அதுதான் இடுப்புத் தையல் விழ வேண்டிய இடம்.

கலி இல்லாத நேர்த்துண்டு என்பதால் தொங்கவிட்டு நீள்வதற்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் தைத்தபின் ஓர் இரவு கட்டைமாட்டியில் நாடாவைப் பிடித்துத் தொங்கவிடுங்கள், தோளில் அல்ல. கரையின் உட்புறம் புது ஃபால்ஸை நனைத்துக் காயவைத்துச் சுற்றிலும் கையால் தையுங்கள். மேடைப் படியில் விளிம்பு உரசினாலும் ஃபால்ஸ்தான் தேயும். வீடியோ விளக்கின் சூட்டில் வியர்க்கும். அக்குளில் பருத்தி உறையிட்ட சிறு பஞ்சட்டை இரண்டைக் கொக்கியால் மாட்டிக் கழற்றும்படி வைத்தால், அம்மாவின் பட்டில் வியர்வை இறங்காது.

முந்தியில் நைந்திருக்கும் இரண்டு கோடுகளின் பின்னால், அதே நிறத்தில் மெல்லிய பட்டுத்துண்டை வைத்து, ஒற்றை இழைப் பட்டு நூலால் நெருக்கமில்லாத ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம். துப்பட்டாவைத் தோளில் ஊக்கு குத்தி நிறுத்தும்போதும் அந்தக் கோடுகள் ஊக்கின் அருகில் வராதபடி மடிக்க வேண்டும். இனி கத்தரியை எடுக்கலாம். திருப்பி வைத்தபின் மேலே வரும் கரையிலிருந்து தொடங்குங்கள், வெட்டுவதற்கு முன் கோர்வையிலிருந்து 1 அங்குலம் அளந்து, நூலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதல்தையல்:

கோடு போட்டுவிட்டேன், அக்கா. நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் வெட்டுகிறேன். திருப்பி வைத்திருப்பதால் இப்போது பிரியப்போவது பிசிர் விட்ட கரைதான். கைக்கும் கழுத்துக்கும் அது போதுமா என்று அளந்து பார்த்தேன். நைந்த முழத்தை விட்டுவிட்டாலும் தாராளமாக இருக்கிறது. புடவையின் மறுமுனையை ஆச்சியே பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.